அத்தியாயம் 7: ஆடியில் தேர்வு, கார்த்திகையில் பிரிப்பு

"உங்களிடம் இருப்பதில் நல்ல கூடு எது?" என்று தேன் பெட்டி வைத்திருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள். பங்குனியில் அதிகம் தேன் தந்த பெட்டியைத்தான் காட்டுவார். நானும் பல வருடம் அதையே காட்டிக்கொண்டிருந்தேன். ரப்பர் தளிர் விட்டு, ஒவ்வொரு இலைக்காம்பின் நுனியிலும் மதுரம் துளிர்த்து நிற்கும் நாட்களில் சோம்பல் கூடும் சம்பாதிக்கும். அந்த மாதத்தில் கெட்ட கூடு என்று ஒன்று கிடையாது. ஆடியில், சாரல் ஒரு வாரம் விடாமல் பிடித்து, வெளியே பேருக்கு ஒரு பூ இல்லாத நாளில் வாசலில் போய் நின்று பாருங்கள். எந்தக் கூடு அப்போதும் காவல் நிறுத்தியிருக்கிறது, எது வாசலைத் திறந்து போட்டுவிட்டுச் சோர்ந்து கிடக்கிறது என்று தெரிந்துவிடும். வம்சத்துக்கு எடுக்க வேண்டிய கூட்டை அன்றைக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருந்து குடி பிரிப்பது கார்த்திகையில். நடுவில் உள்ள மாதங்கள் அதற்கான ஏற்பாடு.

இங்கே சொல்வதெல்லாம் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை பக்கம் ரப்பரை நம்பி இந்தியத் தேனீ வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதியது. தென் கேரளத்துக்கும் அநேகமாகப் பொருந்தும். புளியையும் வேம்பையும் முருங்கையையும் நம்பியிருக்கும் உள்மாவட்டத்துக்காரர்கள் மாதங்களை மாற்றிக்கொள்ள வேண்டும். முறையை மாற்ற வேண்டியதில்லை.

1992 கற்றுக் கொடுத்தது

1910-களில் திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார், நம் ஊர்ச் சிறிய ஈக்கு ஏற்ற அளவில் சட்டப் பெட்டி ஒன்றை வடிவமைத்தார். 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ.யின் கிராமப் புனரமைப்புப் பணியை நடத்திய ஸ்பென்சர் ஹேட்ச், தேனீ வளர்ப்பை வீட்டுத் தொழிலாகப் பரப்பினார். அதன் பிறகு பெட்டி செய்வதிலும் தேன் எடுப்பதிலும் இந்தப் பக்கத்து ஆட்கள் கெட்டிக்காரர்கள் ஆனார்கள். எந்த ஈயை வளர்க்கிறோம் என்று மட்டும் யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. மரப்பொந்தில் பிடித்தது, மச்சினன் பிரித்துக் கொடுத்தது, சந்தையில் வாங்கியது எல்லாம் ஒரே ஈதான் என்று இருந்துவிட்டோம்.

1991-92-ல் தாய் சாக்புரூட் வந்தது. 'தாய்' என்றதும் தாய்க்கூட்டில் வரும் நோய் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. அது தாய்லாந்தைக் குறிக்கும் சொல். 1976-ல் அங்கேதான் இந்த வைரஸ் நோயைக் கண்டார்கள். இந்தியாவின் வடகிழக்கில் 1978-ல் தென்பட்டது. தெற்கே வந்தபோது கேரளத்திலும் குமரியிலும் பத்துப் பெட்டி வைத்திருந்தவருக்கு ஒன்று மிஞ்சினால் பெரிது என்ற நிலை. வைரஸுக்கு மருந்து கிடையாது. எறும்பும் மெழுகுப்புழுவும் குடியிருந்த காலிப் பெட்டிகளைப் பலர் விறகுக்குப் போட்டார்கள். சிலர் இத்தாலியத் தேனீக்கு மாறினார்கள்.

மிஞ்சிய அந்த ஒன்றைப் பிரித்துத்தான் தொழில் மறுபடி எழுந்தது. காட்டுப் பொந்துகளில் பிழைத்திருந்த கூட்டங்களும் சேர்ந்துகொண்டன. இன்று நம் பெட்டிகளில் ஓடுவது பெரும்பாலும் அந்த வம்சம். நோயும் போய்விடவில்லை, மழைக்காலத்தில் இன்றும் தலை காட்டுகிறது. வித்தியாசம் ஒன்றுதான்: சில கூடுகள் அதைத் தாங்குகின்றன, சில தாங்குவதில்லை. அன்றைக்கு நோயே செய்த தேர்வை இனி நாம் நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

ஆடியில் என்ன பார்ப்பது

முதலில் வாசல். மழை விட்ட காலை நேரத்தில் எந்தப் பெட்டியின் ஈ முதலில் புறப்படுகிறது, திரும்பும்போது பின்னங்காலில் மகரந்தம் இருக்கிறதா என்று கவனியுங்கள். தோட்டத்துக்குள் அப்போது மகரந்தம் கிடைப்பது தென்னையிலும் தொட்டாச்சிணுங்கியிலும்தான். அதையும் தேடிக் கொண்டுவருகிறது என்றால் உள்ளே புழு வளர்கிறது, ராணி முட்டையிடுவதை நிறுத்தவில்லை என்று பொருள்.

அடுத்து அடிப்பலகை. திறந்த உடனே சட்டத்தைத் தூக்காதீர்கள். அறையை மெல்ல நகர்த்தி அடிப்பலகையைப் பாருங்கள். சுத்தமான கூட்டின் பலகை துடைத்து வைத்த திண்ணை மாதிரி இருக்கும். மெழுகுத் துகளும் கறுப்பு எச்சமும் சேர்ந்து கிடந்து, அதில் புழு நெளிந்தால், அந்தக் கூடு தன் வீட்டைப் பெருக்கும் தெம்பை இழந்துவிட்டது. மெழுகுப்பூச்சியைப் பற்றி எல்லாரும் புலம்புகிறார்கள். என் அனுபவத்தில் அது கூட்டைக் கெடுக்க வருவதில்லை, கெட்ட கூட்டுக்குத்தான் வருகிறது.

பிறகு அடை. பஞ்ச மாதத்தில் புழுப் பரப்பு உள்ளங்கை அளவுக்குச் சுருங்கியிருக்கலாம், அது குறையல்ல. அந்த உள்ளங்கைக்குள் இடைவெளி விடாமல் புழு நிறைந்திருக்கிறதா, மேலே விரற்கடை அகலத்துக்காவது தேன் மூடியிருக்கிறதா, இருக்கும் அடைகள் எல்லாவற்றிலும் ஈ மூடி உட்கார்ந்திருக்கிறதா என்பவைதான் கணக்கு. ஈ உட்காராத அடையை அன்றைக்கே எடுத்துவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மழை இல்லாத நேரத்தில், ஐந்து நிமிடம் போதும். அதற்கு மேல் தோண்டினால் பசியிலிருக்கும் இந்தியத் தேனீ கூட்டை விட்டே ஓடிவிடும். இத்தாலியத் தேனீ வளர்ப்பு நூல்களைப் படித்துவிட்டு வாரம் தவறாமல் திறந்து பார்ப்பவர்களின் பெட்டிகள்தான் முதலில் காலியாகின்றன.

கடந்தை வரும் மாதமும் இதுதான். வாசலில் வந்து நிற்கும் கடந்தையை நல்ல கூடு தனியாள் தனியாளாக எதிர்க்காது. பத்து இருபது ஈ ஒரே சமயத்தில் பாய்ந்து அதைச் சுற்றி உருண்டையாகத் திரண்டு, தங்கள் உடல் சூட்டிலேயே புழுக்கிக் கொன்றுவிடும். அப்படிச் செய்யும் பெட்டியைக் கண்டால் நோட்டில் ஒரு நட்சத்திரம் போடுங்கள். பயந்து உள்ளே ஒடுங்கும் பெட்டிக்கு வாசலை இரண்டு ஈ நுழையும் அளவுக்குக் குறுக்கிக் கொடுங்கள், நட்சத்திரம் வேண்டாம்.

பெட்டியின் எண்ணை மேல்மூடியில் எழுதாதீர்கள். மூடி பெட்டிக்குப் பெட்டி மாறிவிடும், உங்கள் கணக்கும் சேர்ந்து மாறிவிடும். புழு அறையின் பக்கவாட்டில் பெயின்டால் எழுதுங்கள். ராணி எந்த மாதத்தில் பிறந்தது, எந்தக் கூட்டின் மகள் என்ற இரண்டும் அந்த எண்ணின் பக்கத்தில் இருக்க வேண்டும்.

உணவு கொடுப்பது பற்றி ஒரு சர்ச்சை உண்டு. தாங்கும் இனத்தைத் தேர்ந்தெடுக்கப் போகிறோம் என்றால் ஆடியில் சர்க்கரைப் பாகே வைக்கக் கூடாது, பட்டினியில் பிழைத்ததுதான் உறுதியானது என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. பங்குனியில் அதன் தேனை எடுத்தது நாம். எடுத்துவிட்டுப் பட்டினி போட்டால் அது கூட்டைச் சோதிப்பதாகாது, நம் கஞ்சத்தனத்தைத்தான் காட்டும். ஒரு கிலோ சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், காய்ச்சி ஆறவைத்து, ஒரு சிரட்டை அளவு, வாரம் ஒருமுறை, எல்லாப் பெட்டிக்கும் ஒரே அளவில் வையுங்கள். ஈ மூழ்காமல் இருக்கச் சிரட்டையில் காய்ந்த குச்சி இரண்டு மிதக்கட்டும். வைப்பது மாலையில், பெட்டிக்கு உள்ளே. பகலில் வைத்தாலும் வெளியே சிந்தினாலும் பலமான கூடு பலவீனமானதைக் கொள்ளையடிக்கும், நோயும் அந்த வழியாகவே பரவும். இப்படி எல்லாருக்கும் ஒரே சோறு போட்ட பிறகு எது தேறுகிறது, எது தேறவில்லை என்று பார்ப்பதுதான் நியாயமான தேர்வு.

மூடியைத் திறந்து படுத்திருக்கும் புழு

சாக்புரூட்டை நேரில் ஒருமுறை கண்டுவிட்டால் மறக்காது. மூடிய புழு அறைகளில் சிலவற்றின் மூடி ஓட்டையாகவோ முழுவதும் திறந்தோ இருக்கும். உள்ளே புழு மல்லாந்து நீண்டு படுத்து, தலையைப் படகின் முனை போல் மேலே தூக்கியிருக்கும். முள்வாங்கியால் மெல்ல இழுத்தால் தண்ணீர் நிறைந்த சிறு பை போல் முழுதாக வரும். நாள் சென்றால் காய்ந்து கறுப்பாகி அறையோடு ஒட்டிக்கொள்ளும். புளித்த நாற்றம் அடித்தால் அது வேறு நோய், பாக்டீரியாவால் வருவது. சாக்புரூட்டில் அப்படி நாற்றம் இருக்காது.

நோய் கண்ட பெட்டியில் செய்ய வேண்டியது புழு வளர்ப்பைச் சிறிது காலம் நிறுத்துவது. ராணியைக் கூண்டில் அடைத்து இரண்டு வாரம் முட்டையிடாமல் வையுங்கள். செத்த புழு நிறைந்த அடைகளை வெட்டி எரியுங்கள். மிச்ச அடையில் ஈயை நெருக்கமாக வைத்துப் பாகு கொடுங்கள். நோயுற்ற புழுவை இழுத்துப் போட ஈக்களுக்கு அவகாசம் கிடைக்கும். ஆன்டிபயாட்டிக் பொடியைப் பாகில் கலக்கச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். அது வைரஸை ஒன்றும் செய்யாது, தேனில்தான் தங்கும்.

நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆவணியில் தளர்ந்துபோன பெட்டி ஒன்றுக்குக் கைகொடுக்கலாம் என்று, பக்கத்துப் பெட்டியிலிருந்து மூடிய புழுச் சட்டம் ஒன்றை எடுத்து வைத்தேன். மூடி எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. அடுத்த வாரம் அதே கையோடு இன்னும் இரண்டு பெட்டியைத் திறந்தேன். புரட்டாசி முடிவதற்குள் நாலு பெட்டி போயிற்று. மழைக்காலத்தில் பெட்டிக்குப் பெட்டி சட்டம் மாற்றுவதை அன்றோடு விட்டேன். தளர்ந்த கூடு தளர்ந்தே போகட்டும்.

நோய் வந்து, நீங்கள் எதுவும் செய்யாமலேயே இரண்டு மூன்று வாரத்தில் தானாகத் துடைத்துக்கொண்டு எழுந்த கூடு இருந்தால் அதை விற்காதீர்கள். நோயே வராத கூட்டைவிட அது உயர்ந்தது என்பேன். வராததற்குக் காரணம் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம்.

ஊசிச் சோதனை

நோயுற்ற புழுவை மோப்பம் பிடித்து, மூடியைக் கடித்துத் திறந்து, வெளியே இழுத்துப் போடும் சுத்தக் குணம் பரம்பரையாக இறங்குவது. அமெரிக்க ஆய்வாளர் ராத்தன்பூலர் 1964-ல் இத்தாலியத் தேனீயில் இதைக் காட்டினார். நம் ஈக்கு இந்தக் குணம் இயல்பிலேயே அதிகம். உலகமெங்கும் இத்தாலியத் தேனீயைக் கொல்லும் வரோவா உண்ணி இந்தியத் தேனீயிடம் ஒடுங்கிக் கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உண்ணியைக் கண்டால் ஈ சுத்தப்படுத்திவிடும், உண்ணியும் ஆண் ஈ அறைகளில்தான் பெருக முடியும். ஆனால் எல்லாக் கூட்டுக்கும் இந்தக் குணம் ஒரே அளவில் இருப்பதில்லை.

ஆடியில் நட்சத்திரம் வாங்கிய பெட்டிகளை மட்டும் ஐப்பசித் தொடக்கத்தில், புழுப் பரப்பு விரிந்த பிறகு, சோதியுங்கள். மூடிய பணித் தேனீ அறைகளில் நீளத்துக்குப் பத்து, அகலத்துக்குப் பத்து என்று நூறு அறை கொண்ட கட்டம் ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். மிக மெல்லிய ஊசியால் ஒவ்வொரு மூடியின் நடுவிலும் குத்தி உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவைக் கொல்லுங்கள். தையல்கடைக் குண்டூசி பருமன், அது மூடியைக் கிழித்துவிடும். சட்டத்தின் மேற்கட்டையில் பேனாவால் இடத்தைக் குறித்துவிட்டுத் திரும்ப வையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் திறந்து, எத்தனை அறை முழுவதும் காலியாகியிருக்கிறது என்று எண்ணுங்கள். தொண்ணூறுக்கு மேல் என்றால் நல்ல கூடு. பாதி அறை அப்படியே கிடந்தால் அது எவ்வளவு தேன் தந்திருந்தாலும் தாய்க்கூடாக வேண்டாம். பத்து நாள் கழித்து இன்னொருமுறை செய்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நூறு புழு வீணாகிறதே என்று வருத்தப்பட வேண்டாம், நல்ல ராணி சில மணி நேரத்தில் ஈடு செய்துவிடும். இதைச் சான்றிதழாக நினைத்துவிடவும் வேண்டாம். ஊசிச் சோதனையில் தேறி ஆடியில் தேறாத கூட்டைவிட, ஆடியில் தேறியதையே நான் எடுப்பேன்.

ஆண் ஈயை மறக்காதீர்கள்

ராணியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பது நம் வழக்கம். புது ராணி பிற்பகலில் வெளியே பறந்து, வானத்தில் பத்துக்கும் மேற்பட்ட ஆண் ஈக்களோடு இணைகிறது. அந்த ஆண்கள் யார் வீட்டு ஆண்கள் என்று நீங்கள் தீர்மானிக்க முடியாது. ஓரளவு சாய்க்கலாம்.

சாய்க்கும் வழி எளிது. தேர்ந்தெடுத்த கூடுகளில் சட்டத்தின் அடியில் கட்டும் பெரிய ஆண் அறைகளை வெட்டாமல் விடுங்கள். மூடியின் நடுவில் ஊசித் துளை இருக்கும், கூம்பாக எழும்பியிருக்கும், அதுதான் ஆண் அறை. தேறாத கூடுகளில் அவற்றை மூடிய உடனே வெட்டி எறியுங்கள். ஆண் ஈ முட்டையிலிருந்து வெளியே வர மூன்றரை வாரம் ஆகும், இணையும் பருவம் வர இன்னும் இரண்டு வாரம். ஆகவே கார்த்திகை நடுவில் ராணி பறக்க வேண்டுமென்றால் புரட்டாசிக் கடைசியிலேயே நல்ல கூடுகளுக்குப் பாகை ஒரு சிரட்டை கூட்டிக் கொடுத்து ஆண் அடை கட்ட வைக்க வேண்டும்.

ஒரே ஒரு சிறந்த கூட்டை எடுத்து முப்பதாகப் பெருக்கிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும். வேண்டாம். அக்கா மகனும் தங்கை மகளுமாக வானத்தில் இணைந்தால், கருவுற்ற முட்டையில் ஒரு பங்கு பெண்ணாகாமல் கோளாறான ஆணாகிவிடும். பணி ஈக்கள் அதைக் குஞ்சிலேயே தின்றுவிடும். மூடிய புழுப் பரப்பில் அங்கங்கே காலி அறை விழுந்து சல்லடை மாதிரி தெரியும். மூடியில் ஓட்டையோ செத்த புழுவோ இல்லாமல் இப்படிச் சல்லடை தெரிந்தால் அது நோய் அல்ல, நெருங்கிய உறவு. குறைந்தது ஐந்தாறு தாய்க்கூடாவது வேண்டும். அவ்வளவு இல்லாதவர்கள் இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நண்பரோடு ராணி அறையை மாற்றிக்கொள்ளுங்கள். காட்டோரப் பொந்தில் பல வருடம் நிலைத்த கூட்டம் கிடைத்தால் விடாதீர்கள்.

பிரிப்புக் கணக்கு

ரப்பர் மார்கழி, தையில் இலை உதிர்த்து, தைக் கடைசியில் தளிர்க்கத் தொடங்கும். தேன் சேகரிக்க வெளியே போகும் ஈ, முட்டையாக இடப்பட்ட நாளிலிருந்து ஏறக்குறைய நாற்பது நாள் கடந்தது. முட்டையிலிருந்து ஈயாக மூன்று வாரம், வீட்டு வேலையில் மூன்று வாரம். ஆகவே தைக் கடைசியில் பெட்டி நிறைய வெளியாள் வேண்டுமென்றால் மார்கழிப் பிறப்பில் புது ராணி முழு வேகத்தில் முட்டையிட வேண்டும். இதைப் பின்னோக்கி எண்ணினால் பிரிப்பு கார்த்திகை முதல் வாரத்தில் விழுகிறது. அதற்கு முன்னால் செய்தால் ஐப்பசி அடைமழையில் ராணி பறக்க முடியாமல் கிழடாகும். தையில் பிரித்தால் தேன் காலத்தில் உங்களிடம் இருப்பது குழந்தைக் கூடுகள்.

ராணி அறைக்கு, குடி பிரியத் துடிக்கும் கூட்டில் தானாகத் தொங்கும் அறைகளைத்தான் பலரும் வெட்டி எடுக்கிறார்கள். சுலபம்தான். ஆனால் வருடா வருடம் அப்படிச் செய்தால் நீங்கள் வளர்ப்பது பிரிந்து ஓடும் குணத்தை. அதற்குப் பதில் இப்படிச் செய்யுங்கள். ஐப்பசி 20-க்கு மேல் தேர்ந்தெடுத்த கூட்டின் ராணியை இரண்டு சட்டத்தோடு சிறு பெட்டிக்கு மாற்றி ஒதுக்கமாக வையுங்கள். மீந்த கூட்டில், முட்டையும் அப்போதுதான் பொரித்த புழுவும் உள்ள அடையின் கீழ் விளிம்பைச் சூடான கத்தியால் வெட்டி விடுங்கள், இளம்புழு விளிம்பில் நிற்கும்படி. ராணியை இழந்த ஈக்கள் அந்த விளிம்பில் வரிசையாக ராணி அறை கட்டித் தொங்கவிடும். மூன்றாம் நாள் பாருங்கள். அதற்குள் மூடிவிட்ட அறை வயதான புழுவிலிருந்து அவசரத்தில் கட்டியது, அதை நசுக்கிவிடுங்கள். பொட்டு ராணிதான் வரும்.

ஒன்பதாம் அல்லது பத்தாம் நாள் அறைகளின் நுனியில் மெழுகைச் சுரண்டிப் பழுப்பு நிறம் தெரிய வைத்திருக்கும். அதுதான் பதம். அன்றைக்கே பிரியுங்கள். ஒரு பிரிவுக்கு மூன்று சட்டம்: மூடிய புழு ஒன்று, இளம்புழு ஒன்று, தேனும் மகரந்தமும் உள்ளது ஒன்று, ஒட்டியிருக்கும் ஈயோடு. இந்தச் சட்டங்களைத் தேறிய கூடுகளிலிருந்து மட்டும் எடுங்கள், எடுக்கும்போது ஒவ்வொன்றிலும் சில மூடிகளைத் திறந்து பாருங்கள். பிரிவுக்கு ஓர் அறை. பிடிக்கும்போது அறையை அழுத்தாமல், கவிழ்க்காமல், சுற்றியுள்ள அடையோடு வெட்டி நடுச் சட்டத்தில் பதியுங்கள். பிரித்ததை ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோக முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் பழைய இடத்துக்கு இடமும் வலமுமாக அரை முழம் தள்ளி இரண்டையும் வையுங்கள். திரும்பி வரும் ஈ பாதிப் பாதியாகப் பிரிந்துகொள்ளும். ஒரு பக்கம் கூட்டம் அதிகமானால் அந்தப் பெட்டியை இன்னும் கொஞ்சம் தள்ளுங்கள்.

பிறகு இரண்டு வாரம் திறக்காதீர்கள். திறக்காமல் இருப்பதுதான் இந்த வேலையில் கடினமான பகுதி. ராணி பறக்கப் போயிருக்கும் நேரத்தில் பெட்டியைக் கிளறினால் திரும்பி வரும்போது வீடு தெரியாமல் போகலாம். மூன்றாம் வாரத் தொடக்கத்தில் திறந்தால் அறைக்கு ஒன்று என்ற கணக்கில், அடியில் நேராக நிற்கும் முட்டை தெரிய வேண்டும். ஒரே அறையில் மூன்று நாலு முட்டை, அதுவும் சுவரில் ஒட்டிக் கிடந்தால் ராணி இல்லை, பணி ஈ முட்டையிடுகிறது. இந்தியத் தேனீ இந்த விஷயத்தில் அவசரக்காரி, ராணி போய் ஒரு வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். அந்தக் கூட்டுக்குப் புது ராணி கொடுத்தாலும் பெரும்பாலும் ஏற்காது. பக்கத்தில் நன்றாக இருக்கும் பிரிவோடு, நடுவில் சிறு துளையிட்ட செய்தித்தாள் ஒன்றை வைத்து மாலையில் இணைத்துவிடுங்கள்.

மார்கழி முதல் வைகாசி வரை

மார்கழியிலும் தையிலும் பலமான கூடுகள் குடி பிரியப் பார்க்கும். ஆறேழு நாளுக்கு ஒருமுறை சட்டத்தின் கீழ் விளிம்பைப் பார்த்து ராணி அறைகளை நீக்கி, தேன் அறையை ஏற்றுங்கள். தளிர் விடும் நாட்களில் தோட்டத்தில் கந்தகப் பொடி தூவினால் அன்றைக்கு வாசலை ஈரச் சாக்கால் மறைத்து, நடுப்பகலுக்குள் எடுத்துவிடுங்கள். எடுக்க மறந்தால் புழுங்கியே செத்துவிடும்.

தேன் எடுப்பதைப் பற்றி அடுத்த அத்தியாயத்தில் விரிவாக வருகிறது. முக்கால் பங்கு மூடிய அடையைத்தான் எடுக்க வேண்டும், தேன் அறையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும், எந்தப் பெட்டி எத்தனை கிலோ தந்தது என்று நோட்டில் குறிக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே சொல்லி வைக்கிறேன். ஆடியில் தேறிய இரண்டு கூடுகளுக்குள் எது மேல் என்று முடிவு செய்ய அந்தக் கிலோ உதவும்.

சித்திரையில் கோடை மழை விழுந்து இலை முற்றியதும் தேன் வரத்து நின்றுபோகும். வருடத்தின் மிகப் பெரிய தவறு அப்போதுதான் நடக்கிறது. கடைசி ஒரு சுற்று எடுத்துக்கொள்ளலாம் என்று புழு அறையின் மேல்பட்டைத் தேனையும் சேர்த்து வழித்துவிடுகிறோம். பாட்டில் ஒன்றோ இரண்டோ கூடும். இடவப்பாதி மழை தொடங்கி மூன்றாம் வாரத்தில் அந்தப் பெட்டி காலி. அந்தக் கடைசிச் சுற்றை விட்டுவிடுங்கள். வைகாசிக்குள் தேன் அறையை இறக்கி, அடைகளை வெயிலில் காட்டிப் பூச்சி புகாமல் கட்டிவையுங்கள். கால்களை நிறுத்தியிருக்கும் கிண்ணங்களில் தண்ணீர் வற்றாமல் பாருங்கள், இல்லாவிட்டால் எறும்பு ஏறிவிடும். மேல்மூடி ஒழுகுகிறதா என்று முதல் மழைக்கு முன்பே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிச் சோதியுங்கள். பிறகு ஆனி, அதன்பின் மறுபடி ஆடி.

இந்த முறையில் ஒரே வருடத்தில் பெரிய மாற்றம் தெரியாது. முதல் வருடம் தேறாத கூடுகள் எவை என்று தெரியும். மூன்றாம் வருடம்தான் ஆவணியில் காலியாகும் பெட்டிகளின் எண்ணிக்கை குறையத் தொடங்கும். அதுவும் நீங்கள் மட்டும் செய்தால் பாதிப் பலன்தான், ஏனென்றால் உங்கள் ராணி பறக்கும் வானத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆண் ஈயும் பறக்கிறது.

ஆகவே பெட்டி விற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். மழைக்காலத்தில் மூடி ஓட்டையான புழு தெரிந்த கூட்டை வெயில் வந்ததும் புதிதாக வாங்க வருபவர் தலையில் கட்டாதீர்கள், அதிலிருந்து பிரிக்கவும் செய்யாதீர்கள். வாங்குகிறவர்களும் பங்குனியில் ஈ நிறைந்த பெட்டியைப் பார்த்து மயங்காமல், ஒரு புழுச் சட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். போன ஆடியில் இது எப்படி இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்ல நோட்டு வைத்திருப்பவரிடம் நூறு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கினாலும் நஷ்டமில்லை.